மிளகு ஏன் படுத்துக்கொண்டது

வாத்தியாரம்மா,

உன் சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. மிளகு சாப்பிட்டாயிற்று, பட்டினி கிடந்த முகத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும், நம்பாதே.

நேற்று மிளகுக்கு வைத்த தேர்வில் அலாரம் அடித்ததும், அது உன்னைத் தொட்டு எழுப்பாமல் படுத்துக்கொண்டதே, அது உன் தப்பில்லை. காது கேளாதவருக்குத் துணையாகப் போகவேண்டும் என்று ஒரு வருஷமாக நீ பழக்கிய நாயை நான்தான் கெடுத்தேன். தினமும் நீ வேலைக்குப் போனபிறகு என் அலாரம் அடிக்கும். மிளகு வந்து என்னைப் பிறாண்டும். இன்னும் ஐந்து நிமிஷத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டு, "சும்மா படுடா" என்று பிஸ்கட் கொடுத்துப் படுக்கவைத்தேன். மூன்று மாதமாக.

"எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலைங்க" என்று தேர்வு வைத்த பயிற்சியாளரிடம் நீ அழுதாய். நான் பக்கத்தில் கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். "நாய்க்கு மண்டையில ஒண்ணுமில்ல" என்று வேறு சொன்னேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லி, இன்னொரு தேர்வுக்குக் கெஞ்சப் போகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியமில்லை.

தாளின் ஓரத்தில் இடமில்லை, இருந்தாலும்: சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிப் படுத்திரு. மிளகு வந்து தொட்டால் கொஞ்சு. படுத்துக்கொண்டால் திட்டாதே. பாவம், அது என் பேச்சைத்தான் கேட்கிறது.