தெற்குத் தெருவுக்கு ஒரு வாரம் லைன்

ஜூலை 26, சனி

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப் போகவில்லை, தானாக விழட்டும்.

தெற்குத் தெருவுக்கு ஃபைபர் இழுத்து முடித்தாயிற்று. கேபிள் டி.வி. நடத்திய பதினான்கு வருடமும் அந்தத் தெருவுக்குப் படம் பாதி, புள்ளி பாதி. செல்போன் டவரும் எட்டாது. இப்போது இண்டர்நெட், அதுவும் மாதத்துக்கு ஒரு நாட்டுக்கோழி விலையில். போஸ்டில் ஏறுவது என் வீட்டுக்காரர், கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்டுவது நான். அவருக்கு அது பிடிபடவே இல்லை. "தலைமுடி கனங்கூட இல்லியே. இத எப்பிடிளா புடிக்க?" என்று இன்றைக்கும் கேட்டார். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத மனிதரிடம் என்ன சொல்ல.

முதல் இணைப்பு முத்துச்செல்விக்கு. சென்னையில் ஒரு கம்பெனி, புதிதாகச் சேருபவர்களுக்கு வீடியோவில் பயிற்சி கொடுக்கும் வேலை. பிள்ளை பெற வந்தவள், பாப்பாவுக்குப் பதினோரு மாதம். மாப்பிள்ளைக்கு வாழைத் தோட்டம், அவன் ஊரை விட்டு நகர முடியாது. கம்பெனி ஒரு வாரம் கெடு கொடுத்திருக்கிறது. திங்கள் முதல் சனி வரை தினமும் மாலை ஐந்து மணி வகுப்பு, ஒரு நாள்கூட அறுபடக் கூடாது. அறுபட்டால் சென்னைக்குத் திரும்ப வேண்டும். ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

"யக்கா, ஒரு வாரம் நின்னுரும்லா?"

நிற்கும் என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் முந்தி.

நாளைக்கு:
- முனைப் போஸ்டில் மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்ட
- மெஷின் சார்ஜ்
- பூண்டு

ஜூலை 28, திங்கள்

நேற்று எழுதவில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீளம், வந்து தூங்கிவிட்டேன்.

செல்வி வகுப்பு முதல் நாள் நன்றாகப் போனது. ஐந்தரைக்குச் சும்மா போவது போல் அந்த வழியாகப் போனேன். ஜன்னலில் கட்டைவிரலைக் காட்டினாள். சந்தோஷம். வரும்போது பூண்டு மறந்துவிட்டது.

நாளை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடைக் கமிட்டி இசக்கி அண்ணாச்சி காலையில் வந்தார். மீன்குழம்பு கொதிக்கிற நேரம்.

"வயரெல்லாம் வழக்கம்போலத்தானம்மா?"

"ஆமா அண்ணாச்சி, வழக்கம்போலத்தான்."

அவருக்கும் ஒரு கிண்ணம் குழம்பு நீட்டினேன். கொடைக்கு விரதம் என்று வாங்கவில்லை, முகர்ந்துவிட்டுப் போனார்.

ஜூலை 29, செவ்வாய்

என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்ள.

மாலை 4.10. செல்வி வீட்டு மாப்பிள்ளை சைக்கிளில் வந்தான். "யக்கா, நெட்டுப் பெட்டில செவப்பு லைட்டு எரியுது." ஓடினோம், மெஷின் பையை நானும் ஏணியை இவரும் தூக்கிக்கொண்டு. மேளச் சத்தம் தெற்குத் தெரு முனையில்.

போய்ப் பார்த்தால் கேபிள் இரண்டு துண்டு. துண்டுகளை அழகாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார் இசக்கி அண்ணாச்சி. முகத்தில் அவ்வளவு திருப்தி.

"சப்பரம் இடிச்சுது. அதான் வெட்டி, திரும்பவும் ஒட்டியாச்சு. ஒனக்கு வேலையே வைக்கலம்மா."

வழக்கம் நான் உண்டாக்கியதுதான். சப்பரம் வரும்போது கேபிள் டி.வி. வயர் தட்டினால், "வெட்டிக்கிடுங்க, பொறவு முறுக்கிக்கிடலாம்" என்று வருடா வருடம் சொன்னவள் நான். அது செம்புக் கம்பி, முறுக்கினால் படம் வந்துவிடும். இது கண்ணாடி. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நேற்றுக் கேட்டதற்கும் குழம்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். அவர் மேல் கோபம் வரவேயில்லை, என் மேல்தான் வந்தது.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து மணிக்கு வகுப்பு, அறுபட்டால் செல்வி பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று. கையிலிருந்த டேப் உருளையை மெதுவாக மடியில் செருகிக்கொண்டார்.

கேபிள் மிச்சம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சுருட்டிக் கட்டிய புண்ணியம். ஆனால் காற்று. இழையைத் துடைத்து மெஷினில் வைத்தால் தூசி ஏறுகிறது. இரண்டு தரம் வைத்தேன், இரண்டு தரமும் மெஷின் வேண்டாம் என்றது. மணி 4.35. இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து மறைக்கப் பார்த்தார், தலைப்பு மெஷினுக்குள் போகிறது. திட்டினேன்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

"லே, சப்பரத்தைப் பைய பின்னுக்குக் கொண்டாங்க. அங்கன இல்ல, இங்கன. எறக்கி வைங்க."

"அண்ணாச்சி, நடுத்தெருவுல சாமிய எறக்கலாமா?"

"புள்ளக்காரிக்குத்தானல எறக்குதோம். அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா."

சப்பரத்தைக் காற்று வரும் பக்கம் இறக்கி வைத்தார்கள். அம்மனுக்குக் குடை பிடிப்பவர் அதைச் சாய்த்துப் பிடித்தார். அம்மன் முதுகுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இயேசுவே இயேசுவே என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினேன். பிச்சிப்பூ வாசனை. எங்கள் சர்ச் பாஸ்டர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அவருக்கும் வீட்டில் நம் லைன்தான் வேண்டுமாம், ஒன்றும் சொல்லமாட்டார்.

மூன்றாம் தரம் ஒட்டியது. 4.52. இவர் ஏறிக் கேபிளைச் சப்பரத்துக்கு மேலே தூக்கிக் கட்டினார். சப்பரம் குனியாமல் போனது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

செல்வி வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். சப்பரத்துக்கா எனக்கா தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை, வகுப்புக்கு உள்ளே ஓடிவிட்டாள்.

ஜூலை 30, புதன்

கொடை முடிந்து இன்று மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. மெஷின் பையின் மேலும் ஊற்றிவிட்டார்கள். பை நனைந்தது, மெஷின் பிழைத்தது. கொடைச் சோறு வந்தது, மாவிளக்கு, பழம். பூண்டும் வாங்கிவிட்டேன்.

இசக்கி அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "அந்த வயருல எவனும் கை வைக்கக்கூடாது வே. உள்ள கண்ணாடி ஓடுது."

ஆகஸ்ட் 2, சனி

காற்று குறைவு. ஐந்து மணி தொட்டு ஆறு மணி வரை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. இவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். அறுபடவில்லை.

கம்பெனி பதில் நாளைக்காம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து தெற்குத் தெரு வழியாக நடந்தோம். வீட்டுக்கு இது நேர்வழி இல்லை.

செல்வி தெருவில் நின்றாள். ஊரிலேயே இருந்து வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிறகுதான் சொன்னாள், லைன் நிற்கும் என்று நம்பவே இல்லையாம். செவ்வாய்க்கிழமை சிவப்பு விளக்கைப் பார்த்ததும் சென்னைக்குப் பெட்டியே கட்டிவிட்டாளாம். வாரம் முழுக்க அது கட்டிலுக்கடியில் இருந்திருக்கிறது.

சக்கரம் வைத்த நீலப் பெட்டி. துணியையெல்லாம் எடுத்துவிட்டு, பாப்பாவை உள்ளே உட்காரவைத்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிறாள்.