கயிற்றோரம் இருபத்தேழு மீன்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். உன் அத்தையும் நலம். அவள் வாய் அதைவிட நலம். பவளப்பாறைக் காவல் குழுவுக்கு இன்றைக்கும் நான்தான் தலைவன். நான் படகில் ஏறி நின்றால் சுறாவே ஒதுங்கி வழிவிடுகிறது.

மாதம் ஒருமுறை பாறைமேல் ஐம்பது மீட்டர் கயிறு கட்டி, மூழ்கி, கயிற்றோரம் தெரிகிற மீனை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். மூழ்குகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் படகில் கயிறு பிடிப்பார்கள். முதல் தடவை நாற்பது மீன். எழுதக் கை கூசியது. எட்டு வருஷம் ஊரே வலை போடாமல் காத்த பாறை, வெறும் நாற்பதா? நானூறு என்று போட்டேன். அடுத்த மாதம் குறைக்க முடியுமா? ஐந்நூறு ஆக்கினேன். நீகூட உன் கடல் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து பாராட்டி எழுதினாயே, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இப்போது மீன்துறை அதிகாரி உத்தரவோடு வந்துவிட்டார். மீன் இவ்வளவு பெருகிய பிறகு தடை எதற்கு, திங்கட்கிழமை முதல் எல்லாப் படகும் போகலாம் என்கிறார். பாறையோ இந்த வருஷ வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிக் கிடக்கிறது. நாலு நங்கூரம் விழுந்தால் தூள்.

ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். "இத்தனை நாள் எழுதினது நிஜம், இப்பதான் பொய் சொல்றீங்க. தலைவர் பதவிய விட மனசு வரல" என்று அதிகாரி சிரித்தார். குழுவைக் கூட்டினேன். "தலைவரே, இன்னைக்குக் கதை சோகமா இருக்கே" என்றார் படகுக்காரர். எல்லோரும் கைதட்டினார்கள். உன் அத்தை ஒருத்திதான் நம்பினாள். "நீங்க எண்ணின மீனெல்லாம் இருந்தா கடல்ல தண்ணிக்கு ஏது இடம்?" என்றாள். அவள் பேச்சு அதிகாரியிடம் செல்லாதே.

நேற்று மறுபடி மூழ்கினேன். மூன்று தடவை எண்ணினேன். இருபத்தேழு. ஒரு கிளிமீன் வெள்ளைக் கிளையைக் கடித்துப் பார்த்துவிட்டு விலகிப் போனது. தண்ணீருக்குள் அழுதால் கண்ணாடிக்குள்ளேயே நிறையும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு தாயே. நீயே மூழ்கி எண்ணு. பிறகு ஊர் கூடியிருக்கும்போது, என் மாமா பொய்யன் என்று உரக்கச் சொல். நீ சொன்னால் நம்புவார்கள். என் தலை குனிந்தால் குனியட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாளில்லை. இதையும் கூட்டித்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே.

உன் வரவையே பார்த்திருக்கும்,
தாய்மாமன்.