சாமிக்குக் கிடைத்த வேலை

ஆடி 8, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். காப்புக் கட்டி ஒன்பதாம் நாள். தாடி அரிக்கிறது. பைபாஸில் புதிதாகத் திறக்கும் மிக்சி, ஃபிரிட்ஜ் கடையில் கௌண்டருக்கு ஒரு ஆள் வேண்டுமாம், நாளை இண்டர்வியூ. கிருத்திகை வரை சவரம் இல்லை, செருப்பு இல்லை. மஞ்சள் வேட்டிக்கு யார் வேலை கொடுப்பார்? ஏழு மாதமாக வீட்டில். பெண்டாட்டி கலாவின் தையல் மிஷின்தான் சோறு போடுகிறது.

எடுத்து வைக்க: பயோடேட்டா, ஆதார் ஜெராக்ஸ், ஃபோட்டோ 2.

ஆடி 9, வெள்ளி

மொத்தம் மூன்று பேர். ஒருவர் மணவூர்க்காரர், இஸ்திரி சட்டை, ஷூ. சென்னை ஷோரூமில் ஆறு வருடமாம். கம்ப்ரஸர், வாரண்டி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி அவரிடம் சொன்னது, "போன் பண்றோம்."

என்னைக் கண்டதும் முதலாளி எழுந்துவிட்டார். "வாங்க சாமி, உக்காருங்க." விபூதி கேட்டார். பூசிவிட்டேன். பயோடேட்டாவைத் தொடவே இல்லை. "கட தொறக்கற நேரத்துல முருகனே வந்த மாதிரி இருக்குது. கிருத்திக முடிச்சிட்டு வந்துருங்க சாமி." அவ்வளவுதான், வேலை.

வெளியே மணவூர்க்காரர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என்னைக் கும்பிட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

ஆடி 12, திங்கள்

தூறல். கலாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வீட்டில் தெலுங்கு, அத்தான் என்பதற்குப் பதில் என்னை பாவா என்றுதான் கூப்பிடுவாள். "மொட்ட அடுத்த மாசம் போட்டுக்கலாம் பாவா. சாமியாவே போய்கினு இருங்க. யாரு கேக்கப் போறாங்க?"

வேண்டுதலே உன் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்குத்தான் என்றேன். துணி வெட்டப் போய்விட்டாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

ஆடி 15, வியாழன்

கிருத்திகை. காவடி செலுத்தியாச்சு. மொட்டை போட்டாச்சு. காலில் கொப்புளம் 3.

ஆடி 17, சனி

நல்ல வெயில். பேண்ட், சட்டை. ஒன்பதரைக்குக் கடை. முதலாளி சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாப்பா வேணும்?"

வேலைக்கு வந்திருக்கேன் என்றேன்.

"ஆள் எடுத்தாச்சே. சாமி ஒருத்தர், இப்ப வந்துருவாரு."

அந்தச் சாமிக்காக நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சொன்னேன்.

மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"ஆங், நான்தாங்க."

பேர் கேட்டார். அன்று கேட்கவில்லை. முன்னே எந்தக் கடை என்றார். கடை இல்லை, கம்பெனியில் பேக்கிங் என்றேன். "திங்கக்கெழம வா. மூணு பேரையும் இன்னொரு தபா பாக்கறேன்."

எனக்குக் கோபம் இல்லை. பயம். முதலாளி மணவூர்க்காரருக்குப் போன் போட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த மணவூர்க்காரருக்கு வேலை தெரியும்.