எழுபத்தொன்பது

வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள மெக்கானிக் துரைக்கு,

உங்கள் லேப்காரி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் உங்கள் ஜெனரேட்டர்களும் நலமா? சுரங்கத்துக் கொட்டகையில் குளிர் தாங்கவில்லை என்று போன சனிக்கிழமை போனில் சொன்னீர்கள். கம்பளிக் காலுறையைப் பெட்டியின் அடியில்தான் வைத்திருக்கிறேன், தேடிப் பாருங்கள். தேட மாட்டீர்கள், தெரியும். கண்ணெதிரே இருக்கும் ஸ்பேனரையே என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிற ஆள்.

ஃபிரிட்ஜ் மறுபடி கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தேன், ஒரு நாள் சும்மா இருந்தது. வேறு ஆளைக் கூப்பிடவில்லை. இந்த மாதக் கடைசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறதே, நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படித்தால் உட்காருங்கள்.

நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, கருமுட்டை வெளிவருவதற்கென்று எனக்கு ஊசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊசியில் இருப்பதும் கர்ப்பத்தில் சுரக்கிற அதே ஹார்மோன்தான். பத்துப் பதினான்கு நாள் வரைக்கும் உடம்பில் தங்கும். அதற்குள் கர்ப்பம் பார்க்கிற கிட்டில் சிறுநீரை விட்டுப் பார்த்தால் கோடு விழும். ஆனால் அது ஊசி போட்ட கோடு, குழந்தை போட்ட கோடு அல்ல. லேப் கவுண்டருக்கு வருகிற எத்தனையோ பேரிடம், பதினாலு நாள் பொறுங்கம்மா, அவசரப்பட்டுப் பாத்துட்டு அப்புறம் அழாதீங்க என்று நான்தான் சொல்வேன். அந்த நான் ஏழாம் நாளே பார்த்தேன். கோடு விழுந்தது. ஊசி என்று தெரிந்தும் ஐந்து நிமிடம் குளியலறையில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் விடுவேனா? தினமும் காலையில் எழுந்ததும் ஒன்று. கோடு நாளுக்கு நாள் வெளிறிப் பதினோராம் நாள் சுத்தமாகக் காணவில்லை. ஊசி உடம்பை விட்டுப் போய்விட்டது. அன்று சாயங்காலம்தான் நீங்கள் போன் செய்து, விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அப்போது அது உண்மை.

பதின்மூன்றாம் நாள் கோடு திரும்பி வந்தது. மெல்லிய கோடுதான், சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற அளவு. ஆனால் வந்தது.

உங்களுக்கு இயந்திர பாஷையில் சொல்கிறேன். கிட்டில் இரண்டு கோட்டுக்கு இடம் உண்டு. ஒன்று, கிட் வேலை செய்கிறது என்பதற்கு. அது எப்போதும் விழ வேண்டும். இன்னொரு இடத்தில் இந்த ஹார்மோனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஒரு பொருளைத் தடவி வைத்திருப்பார்கள். ஹார்மோன் சாயத்தோடு ஓடி வந்து அங்கே சிக்கினால்தான் கோடு. கரு சும்மா மிதந்துகொண்டிருக்கும்போது சிறுநீருக்கு ஒன்றும் தெரியாது. கருப்பையின் சுவரில் போய் ஒட்டிய பிறகுதான் அங்கிருந்து ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும், பிறகு சிறுநீருக்கு வரும். இந்தத் தடவை மாதவிலக்கை அனுப்பாதே, உள்ளே ஆள் வந்திருக்கிறது என்று உடம்புக்குச் சொல்கிற வேலை அதற்கு.

கிட் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று ரத்தம்தான் சொல்லும். எனவே செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்தேன். இங்கேதான் உங்கள் மனைவி ஒரு கூத்து அடித்தாள்.

என் பெயரில் பதிந்தால் லேப் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று உங்கள் பெயரில் பதிந்தேன். போன வருடம் உங்களுக்குச் சர்க்கரை பார்த்த அட்டை இருந்தது. பெயரைத்தான் யோசித்தேன், ஆணா பெண்ணா என்கிற கட்டத்தை யோசிக்கவில்லை. பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்த பெரிய டாக்டர் அலறிக்கொண்டு எழுந்து வந்தார். யார் இந்த ஆள், ஆம்பளைக்குக் கர்ப்ப ஹார்மோன் முப்பத்து நாலு இருக்கு, உடனே கூப்பிடுங்க, ஸ்கேன் எடுக்கணும் என்றார். ஆணுக்கு இந்த ஹார்மோன் ஏறினால் விதைப்பையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அவரு மலைமேல நல்லா இருக்காரு டாக்டர், அது என் ரத்தம் என்று சொன்னேன். ஒன்பது வருடத்தில் அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பெயர் மாற்றிப் பதிவது எவ்வளவு பெரிய தப்பு என்று அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார். திருத்தப் புத்தகத்தில் என் கையாலேயே எழுத வைத்தார்கள். ரத்தம் எடுக்கிற அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மொத்தத்தில், எங்கள் லேப் வரலாற்றில் கர்ப்பமான முதல் ஆண் நீங்கள்தான்.

ஐந்துக்குக் கீழே இருந்தால் இல்லை என்று அர்த்தம். செவ்வாய் முப்பத்து நான்கு. இன்று எழுபத்தொன்று! எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் மறுபடி பார்க்கிறோம். சாயங்காலம் நீங்கள் போன் செய்யும்போது எண்ணை மட்டும் சொல்கிறேன். அங்கே இருக்கிற ஒரே போனுக்காகப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஏதோ ஸ்பேர் பார்ட் நம்பர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நாளை சுரங்கத்துக்குக் கிளம்பும் லாரியில் இதைச் சேர்க்க வேண்டும், சனிக்கிழமை போனுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். வேளைக்குச் சாப்பிடுங்கள். இனி உங்களுக்காக மட்டும் இல்லை.

உங்கள்
லேப்காரி


திங்கள்கிழமை, மதியம்

அன்புள்ளவருக்கு,

லேப்பின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்குக் கிளம்பும் லாரியில் போனால் புதன்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். சாப்பிட்ட பிறகு படியுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் போய்ப் படியுங்கள்.

சனிக்கிழமை போனில் எழுபத்தொன்பது என்று சொன்னேன். ஏறிடுச்சா, எட்டு ஏறிடுச்சா என்று நீங்கள் கத்தினீர்கள். பின்னால் நின்றவர்களிடம் எதைச் சொன்னீர்களோ, அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்திலேயே, வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கள்கிழமை இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், பிள்ளைக்குன்னு சொந்தமா ஒரு வீடு வேணும்ல என்றீர்கள். நான் சரி என்றேன். போனில் ஆளுக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அந்தச் சரி பொய். கைதட்டல் கேட்கும்போது வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குற்றம் என்னுடையதுதான். எண் ஏற வேண்டும் என்று எழுதினேன். எவ்வளவு ஏற வேண்டும் என்று எழுதவில்லை. சந்தோஷத்தில் பாதிப் பாடம்தான் நடத்தினேன். இந்த ஆரம்ப நாட்களில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எண் இரண்டு மடங்காக வேண்டும். ரொம்ப மெதுவாக ஏறினாலும் இரண்டு நாளில் ஒன்றரை மடங்காவது ஆக வேண்டும். எழுபத்தொன்று நூறைத் தாண்டியிருக்க வேண்டும். எழுபத்தொன்பது என்றால் ஏறியதாக அர்த்தமில்லை. உள்ளே எதுவோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கருவி முன்னால் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவிமேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். கழுவிவிட்டு, அளவு சரிபார்க்கிற திரவத்தை ஓட்டி, என் ரத்தம் இருந்த குழாயை மறுபடி வைத்தேன். எழுபத்தெட்டு என்றது. கருவியில் கோளாறு இல்லை.

பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இப்படி மந்தமாக ஏறினால், கரு கருப்பையில் ஒட்டாமல் வேறு இடத்தில் ஒட்டியிருக்கவும் கூடும், அது உயிருக்கே ஆபத்து, ஸ்கேனில் பார்க்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை, வயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிடமே வர வேண்டும் என்றார். வீட்டில யாரு இருக்கா என்று கேட்டார். இருக்காங்க என்றேன். ஃபிரிட்ஜ்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உதிரம் பட ஆரம்பித்தது. பகல் முழுவதும் முன்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுத்திருந்தேன். மயங்கி விழுந்தால் யாராவது உள்ளே வர வசதியாக இருக்கும் என்றுதான். யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பால்காரர் கணக்குச் சொல்ல வருவார். அதற்கு ஐந்து நாள் இருந்தது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பயப்படாதீர்கள். வலி வரவில்லை. இன்று காலை எண் நாற்பத்தாறு. இறங்குகிறது. தானாகவே முடிந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஐந்துக்குக் கீழே போகும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பாதியில் விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரம் ஆகலாம் என்கிறார்கள்.

நிறையப் பேருக்கு இது நடக்கிறதாம், நடந்ததே தெரியாமல், இந்த மாதம் நாலு நாள் தள்ளிப் போய்விட்டது என்று இருந்துவிடுகிறார்களாம். நான் சீக்கிரம் பார்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது. நீ தூக்கினது, நடந்தது, சாப்பிட்டது எதுவும் காரணமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இதே வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிற பக்கம் உட்கார்ந்தால் அது காதோடு நின்றுவிடுகிறது, உள்ளே இறங்கவில்லை.

காலையில் கவுண்டரில் சின்னப் பெண் ஒருத்தி கிட்டை நீட்டி, கோடு லேசாத்தானே இருக்கு, அப்ப லேசா கர்ப்பமா என்று கேட்டாள். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கோடு எவ்வளவு லேசாக இருந்தாலும் கோடுதான்மா, ஆனா அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ரத்தம் கொடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வாங்க என்றேன். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் ரிப்போர்ட் அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

என் கிட்டுகள் எட்டும் அலமாரிக் கதவின் உள்பக்கம் தேதி எழுதி ஒட்டியிருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதைப் பார்க்கக் கூடாது, அது கணக்கில் சேராது என்று நான்தான் எல்லாருக்கும் சொல்வேன். பதின்மூன்றாம் நாள் கிட்டில் கோடு இன்னும் இருக்கிறது. புடவை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். பிய்த்துப் போட வேண்டும். நீங்கள் வந்து பிய்த்துப் போடுங்கள்.

எனக்குக் கோபமும் இருக்கிறது. முன்பின் தெரியாத அந்த மனிதர்கள் மேல், எட்டுக்குப் போய்க் கைதட்டினார்களே என்று. உங்கள் மேலும். நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்காக. இது நியாயமில்லை என்று தெரிகிறது, இருந்தாலும் கோபம் வருகிறது. அப்புறம், அந்தச் சந்தோஷத்தை உங்களிடமிருந்து பிடுங்க இப்படிக் காகிதத்தை அனுப்புகிறேனே என்று அழுகை வருகிறது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். கடைசி ஒரு மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, ஓடி வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்பினீர்கள்? பிள்ளைக்காக இரண்டு வருடம் என்றீர்கள். பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் சொந்த வீட்டுக்குள் நானும் அதுவும் உங்கள் சனிக்கிழமை போனுக்காகக் காத்திருந்திருப்போம். எனக்கு அந்த வீடு வேண்டாம். வாடகை வீட்டில் ஃபிரிட்ஜைத் திட்டிக்கொண்டே திருகுகிற ஆள் வேண்டும்.

இன்று என் பெயரில்தான் பதிந்தார்கள். பெண் என்ற கட்டத்தில் சரியாகக் குறி போட்டேன். அதற்குக் கீழே, உடன் வந்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு நிரப்பித் தருகிறேன், அதை ஒருநாளும் கவனித்ததில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ரத்தம் எடுக்கிற அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.

சனிக்கிழமை போன் செய்யுங்கள். யார் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை. எண் என்னவென்று கேட்காதீர்கள். என்றைக்கு வந்து சேருவீர்கள் என்று தேதியை மட்டும் சொல்லுங்கள். ஐந்துக்குக் கீழே இறங்குகிற அன்றைக்காவது அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்திரமாக வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள்
லேப்காரி