நாலடி தள்ளி நில்லுங்கள்

பாசமுள்ள அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்தில் இந்த ராஜஸ்தான் எல்லையில் எனக்குச் சுகம்தான். உங்கள் சுகத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

போன வாரம் அந்தி நேரத்தில் சுடும் பயிற்சி. என் துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப்பில், அதான் குறிபார்க்கும் தொலைநோக்கியில், ஒரே இருட்டு. கண் கொஞ்சம் அசைந்தாலும் காட்சி மறைந்தது. பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த தோழி மன்ப்ரீத்துக்குப் பளிச்சென்று தெரிந்ததாம். அவள்தான் என் ஸ்கோப்பை மாற்றி எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிறகு துப்பாக்கியை வெளிச்சத்தை நோக்கி வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று ஸ்கோப்பைப் பார்த்தேன். கண் வைக்கும் பக்கம் கடுகளவு ஒளிப்பொட்டு. காட்சியைப் பெரிதாக்கும் வளையத்தைக் குறைக்கக் குறைக்க அது பட்டாணி அளவுக்கு விரிந்தது. கண்ணுக்கு வெளிச்சம் வருவது அந்தப் பொட்டு வழியாகத்தான். இலக்கைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் வளையத்தைக் கடைசிவரை திருகியது நானேதான். மன்ப்ரீத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நீங்களும் வீடியோ காலில் போனை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிறீர்கள். நெற்றி மட்டும்தான் தெரிகிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல மக்கா, நல்லாட்டு இருக்கேன்" என்கிறீர்கள். வரும் ஞாயிறு போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டுங்கள்.

விசில் அடித்துவிட்டார்கள், போகிறேன். போன பார்சலில் வந்த சூரை மீன் ஊறுகாய் நீங்கள் போட்டதில்லை என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது அம்மா.

உங்கள் லிஜா