ஹில்டா அம்மாவின் மரச்சட்ட வீடு

4 ஒக்டோபர் 2004, திங்கள்.
தூறல். இப்படித்தான் முடியும் என்று ஐந்து வருடத்துக்கு முதலே சொன்னவன் நான். சுவரைத் தாங்கும் அடிவளை மரம் உக்கிவிட்டது, வீடு நில்லாது என்று. ஒருவரும் கேட்கவில்லை. இன்று நகரசபைக் கடிதம் வந்துவிட்டது, நாளை தொடங்கி வீட்டை இடித்து இறக்கப் போகிறார்கள்.

ஜெர்மனிக்கு வந்து மேல்மாடியில் ஆறு வருடம் நாங்கள் இருந்த வீடு. கீழே வீட்டுக்காரி ஹில்டா அம்மா. எண்பத்தாறு வயது, இடுப்பு முறிந்து இப்போது முதியோர் இல்லத்தில்.

நல்லகாலம், பழைய வீடுகளைச் சேர்த்து வைக்கும் மியூசியக்காரர் மரங்களைக் கழற்றிக்கொண்டுபோய் அப்படியே திரும்பப் பூட்டப் போகிறார்கள். நான் பேசின பேச்சில்தான் ஓமென்றார்கள். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அழுதா.

5, செவ்வாய்.
வேலையாட்களோடு நானும் கைகொடுத்தேன். ஓக் மரச் சட்டம், இடையில் வைக்கோல் குழைத்த களிமண். ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர ஆப்பு. இருநூறு வருட வீடாம். நான் நானூறு என்றேன்.

மரம் மரமாகச் சோக்கால் எழுதினேன். கீழ்வீட்டுக்குக் கி1, கி2, மேல்மாடிக்கு மே1, மே2. கிளிநொச்சியை விட்டு ஓடினபோது எங்கள் கூரையை இப்படித்தான் இலக்கம் போட்டுக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். மூன்று இடத்தில் பூட்டின கூரை. ஒரு சிலாகைகூட இடம் மாறவில்லை.

மேஸ்திரி ஜெர்மன்காரன் சிரித்தான். "இதென்ன, புழு ஊர்ந்த மாதிரி?"

மனைவி சிரிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, அதைப் பாத்துப் பூட்ட அவங்கள் தமிழ் படிச்சவங்களே?"

7, வியாழன்.
குளிர். இல்லத்துக்குப் போனோம். ரோல்ஸ் கொண்டுபோனோம், அம்மா பாதிதான் தின்றா. கை பிடித்தபடி கேட்டா:

"குசினி ஜன்னல் பழையபடி ஆப்பிள் மரத்தைப் பாக்குமோ?"

"பாக்கும்."

"அங்கை ஆப்பிள் மரம் இருக்கோ?"

"இருக்கு. இதைவிடப் பெரிசு."

"அப்ப வசந்தத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. அதுவரைக்கும் நான் உயிரோடை இருக்கிறன்."

பஸ்ஸில் மனைவி தள்ளிப்போய் வேறு இருக்கையில் இருந்தா.

9, சனி.
மழை. லொறி வந்தது. கி1 தான் முதலில் போனது. சோக் கரைந்து வழிந்தது. இடுப்புவலி. தேயிலை வாங்க மறந்துபோனேன்.

11, திங்கள்.
காலை போன். மனைவி எடுத்து என்னிடம் நீட்டினா.

"கதையுங்கோ. உங்கட மியூசியத்தைப் பற்றித்தான்."

இல்லத்துத் தாதி. ஏப்ரலில் சக்கர நாற்காலி வண்டிக்கு இப்போதே டெர்மின் எடுத்து நாள் குறிக்க வேண்டுமாம். அம்மா நாள் எண்ணத் தொடங்கிவிட்டாவாம், இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறாவாம். எந்த மியூசியம், முகவரி என்ன?

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மியூசியம் என்று ஒன்று இல்லை. நான் ஒருவரோடும் பேசவில்லை. மரம் முழுக்க விறகுக்குப் போய்விட்டது.