உன் கிட்டாரின் உர்ர் சத்தம் நின்ற கதை

என் ஏச்சுக்கும் அன்புக்கும் ஒருசேரப் பாத்திரமான மச்சான் தங்கராசுக்கு,

மைதீன் எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. இரண்டு சந்து தள்ளி இருப்பவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? ஊர்ச் சங்க மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்னார் எளிமையானவர், பண்பாளர்" என்று ஆரம்பித்தேன். நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கிட்டார் சரியாகிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன், நம்பு.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ குறுக்கே பேசாதே. தங்கராசு தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். விடுமுறை நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பான். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி, அதன் மார்புத் தகட்டுக்கு மீந்துபோன பழுப்புத் தோலைப் போர்த்தி, ஓரமெல்லாம் தையல் போட்டு, "இப்ப பாரு, ஃபாரின் மாதிரி இருக்கா?" என்று எல்லாரிடமும் கேட்டவன். நான் அதே தாராவியில் ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றுகிறவன்.

அந்தக் கிட்டாருக்கு ஒரு வியாதி இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் செருகியதும் உர்ர்ர் என்று உறுமும். விரலைக் கம்பியில் வைத்தால் கொஞ்சம் அடங்கும், எடுத்தால் மறுபடி ஏறும். மாட்டுங்கா கல்யாணத்தில் மண்டப மேனேஜர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒன்றும் தெரியாதவன் போல அவருக்கு டார்ச் பிடித்தாய்.

அதைச் சரிசெய்யத்தான் என்னிடம் கொண்டுவந்தாய். என் கடை வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு சீட்டில் பெயரும் கோளாறும் எழுதி, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சாமானில் கட்டுவேன், மறுபாதி சொந்தக்காரரிடம் இருக்கும். சாமான் திரும்பும்போது இரண்டையும் ஒட்டிப் பார்த்துக் கிழித்துப் போடுவேன். "ஏலே, எனக்குமா சீட்டு?" என்று கேட்டாய். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டாய். ஞாயித்துக்கெழம என்றேன்.

என் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அது இந்தத் தெருவுக்கே தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வருடம் ஒவ்வொரு வாரமும் வந்து கேட்டாய். "மச்சான், என்னாச்சு?" "ஞாயித்துக்கெழம பாத்துருவோம்." கச்சேரி வந்தால் சீட்டைக் காட்டி எடுத்துப் போவாய், முடிந்ததும் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டுவாய். உறுமல் உறுமலாகவே இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறையில் டீயைக் கையில் வாங்கியவன் அப்படியே சரிந்துவிட்டாய். அன்றைக்கும் கிட்டார் என் ஆணியில்தான் தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல் அதன் முன்னால் ஒரு டேபிள் ஃபேனின் கூண்டை மாட்டி மறைத்து வைத்தேன். பார்க்காமல் இருந்தால் இல்லாமல் போய்விடுமா?

போகவில்லை. போன மாதம் உன் மகள் பிரியா கடைக்கு வந்தாள். காலேஜ் மூன்றாம் வருடம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள் என்பதால், இந்தக் கடிதத்தில் நான் எழுதுவது எதுவும் அவளுக்குச் சீக்கிரம் தெரியப்போவதில்லை.

"மாமா, அப்பாவோட கிட்டார் உங்கள்ட்டதான இருக்கு? வருஷ நினைவுக்கு சங்க ஹால்ல புரோக்ராம். நான் வாசிக்கப்போறேன்."

"நீ வாசிப்பியாம்மா?"

"ஃபோன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். ஃப்ரெண்டு கிட்டார்ல பிராக்டிஸ். பட் அன்னைக்கி அப்பாவோடதுதான் வேணும், அவ்ளோதான்."

வாய் தவறிச் சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டேன், மச்சான். பழக்கதோஷம். சீட்டு அவள் அம்மா செல்வியிடம் இருக்கிறதாம், சரியான பிறகுதான் தருவாளாம். ரிப்பேரும் இனி என் கடையில் நடக்கக் கூடாது, உங்கள் வீட்டு அடுப்படியில் அவள் கண் முன்னால்தான் நடக்க வேண்டுமாம். "அண்ணே கடையில ஆணியில தொங்குனது போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். உறுமுகிற கிட்டாரோடு பிள்ளையை மேடையேற்றினால் ஹால் பக்கமே வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று வாரம். உனக்குச் செய்யாமல் விட்டதைச் செய்ய எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு அதுதான். என் கடை வரலாற்றில் சீட்டு இல்லாமல் வெளியே போன முதல் சாமான் உன் கிட்டார்.

முதல் வாரம் கிட்டாரைச் செல்வியின் பாயில் படுக்கவைத்துத் திறந்தேன். உள்ளே பிக்-அப் என்று ஒன்று இருக்கிறது, கம்பி அதிர்வதை வாங்கி மின்சாரமாக்குகிற சின்னக் காயில். காயில் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முப்பது வருடமாக நான் சுற்றாத காயிலா? மீட்டரை வைத்தேன், ஆறாயிரம் ஓம் காட்டியது. சீலிங் ஃபேன் காயில் இருநூறு முந்நூறு காட்டும். ஆறாயிரம் காட்டினால் என் தொழிலில் அது செத்த காயில். "கண்டுபிடிச்சிட்டேன், வைண்டிங் போயிட்டு" என்று அறிவித்தேன். செல்வி நம்பி எனக்கு டீ போட்டாள்.

தலைமுடியைவிட மெல்லிய கம்பியை முழுவதும் உருவி எறிந்தேன். என்னிடம் இருந்ததிலேயே மெல்லிசான டேபிள் ஃபேன் கம்பியை எடுத்துச் சுற்றினேன். கால்வாசிச் சுற்றுக்கே இடம் முடிந்துவிட்டது. பரவாயில்லை, கம்பி தடிமன், சத்தமும் தடிமனாக வரும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு எல்லாக் காயிலுக்கும் செய்வதுபோல வார்னிஷில் முக்கி, நூறு வாட் பல்புக்கு அடியில் காய வைத்தேன். ஃபேன் இரும்பு, தாங்கும். இது பிளாஸ்டிக். அது எனக்கு உறைப்பதற்குள் பிக்-அப் வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி வளைந்துவிட்டது.

"என்னண்ணே, நாத்தம் அடிக்கி?" என்று செல்வி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவுக இருக்கும்போது ஒண்ணையும் தொடல. இப்ப ஒண்ணொண்ணா உருக்குதியளா?"

பிரியா ஃபோனைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அரே மாமா, பிக்-அப்னா ஆறாயிரம்தான் காட்டணுமாம். அதுதான் நார்மல். நல்லா இருந்ததப் போயி..." தொழில் தெரியாதவன் செய்திருந்தால் கிட்டார் தப்பித்திருக்கும். இது தொழில் தெரிந்தவன் கையில் மாட்டிக்கொண்டது.

இரண்டாம் வாரம் புது பிக்-அப் பார்சலில் வந்தது. பிரியாவே ஃபோனில் தேர்ந்தெடுத்தது. கூடவே கம்பி முறுக்குகிற கீ ஆறும் புதிதாக வரவழைத்தாள். உன் பழைய கீகள் வழுக்கும், நீ ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்ப்பாய், ஜனங்கள் அதையும் ஒரு பாட்டு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். புதுக் கீகள் பருமன். ஓட்டையைப் பெரிதாக்க டிரில் போட்டேன். மரத்தூள் பறந்து தோசை மாவில் விழாமல் செல்வி முந்தானையால் சட்டியை மூடிக்கொண்டு நின்றாள். ஓட்டைகள் ஆறும் அளவெடுத்த மாதிரி வந்தன. அதையாவது பாராட்டு. உன் தோல் போர்த்திய தகட்டுக்குப் பதில் புதுசு போடலாமா என்று கேட்டேன். "அத மட்டும் தொட்டீங்க, பாருங்க" என்றாள் உன் மகள். முறைக்கிறபோது உன் மூக்குதான் அவளுக்கு.

எல்லாம் பூட்டி, புதுக் கம்பி மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் செருகினோம்.

உர்ர்ர்.

அதே உறுமல், மச்சான். புது பிக்-அப் ஆனதால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. செல்வி திரும்பி நின்று தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க நான் கடையில் சரியாக வேலை பார்க்கவில்லை. ஒரு மிக்ஸியை எதிர்த் திசையில் சுற்ற வைத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினேன்.

மூன்றாவது ஞாயிறு விடிந்தது. சாயந்திரம் நிகழ்ச்சி. மறுபடி திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியா ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். "மாமா, குழிக்குள்ள சில்வரா ஒட்டியிருக்கே, அது என்னது?"

அதை நான் முதல் வாரமே பார்த்திருந்தேன். உன் அலங்காரம், தோல் போர்த்துகிறவன் உள்ளேயும் எதையாவது ஒட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன். செல்வி குனிந்து பார்த்தாள்.

"இது நான் சப்பாத்தி சுத்திக் குடுத்த பேப்பர்லா! தெனமும் கழுவித் திருப்பிக் கொண்டாருவாவ. சிக்கனமா இருக்காவன்னுல்லா நெனச்சேன்!"

தோல் பசை போட்டு, மூலையெல்லாம் மடித்து, பைக்கு உள்துணி வைப்பதுபோல ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தாய். யாரிடம் கேட்டாயோ, உறுமலை நிறுத்த அதுதான் வழி. அலுமினியத் தாளால் சுற்றிலும் தகடு போல மூடிவிட்டால் வெளி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராது. நீ கண்டுபிடித்திருக்கிறாய்! ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அந்தத் தாளை எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வயர்.

அந்த ஒரு வயரை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டாய். வாரா வாரம் வந்து கேட்டாய்.

கால் மணி நேர வேலை. அந்தத் தாளில் ஈயம் ஒட்டாது. அதனால் வயரை ஒரு சின்னத் திருகில் சுற்றித் தாளோடு சேர்த்து மரத்தில் முறுக்கினேன். மறுமுனையை எர்த் வந்து சேர்கிற வால்யூம் குமிழின் முதுகில் பற்றவைத்தேன். பிரியா செருகி, ஸ்விட்சைப் போட்டாள்.

சத்தமே இல்லை.

"கரண்டு போயிட்டா?" என்றாள் செல்வி.

இல்லை என்று சொன்னதும் அடுப்படி நிலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவுக செருகுன ஒடனே அந்தச் சத்தம் வரும்ணே. வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியும்" என்று சொல்லி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. கட்டரை எடுத்தேன். ஒரு வயர்தானே, வெட்டிவிட்டால் நீ திரும்ப வந்துவிடுவாய் என்பது போல.

"மாமா, ருக்கோ, நில்லுங்க" என்று பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தம் வேண்டாம்னுதான அப்பா உங்கள்ட்ட குடுத்தாரு? ரெண்டு வருஷமா கேட்டது இப்பதான் கெடச்சிருக்கு. திருப்பி எடுக்காதீங்க."

கட்டரைக் கீழே வைத்தேன். செல்வியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்ச் சேலை மாற்றினாள்.

சாயந்திரம் ஹாலில் உங்கள் குழுவின் டிரம்ஸ் சுடலை உறுமலுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கிட்டார ஆன் பண்ணும்மா" என்றான். "ஆன்லதான் இருக்கு அங்கிள்" என்றாள் பிரியா. சுடலை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஃபியூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். நன்றாக வாசித்தாளா என்றுதானே கேட்கிறாய்? இரண்டு இடத்தில் தப்பினாள். ஆனாலும் உன்னைவிட நன்றாக வாசித்தாள், கோபப்படாதே. முதல் வரிசையில் உட்கார்ந்து நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தூசி என்று நினைத்து ஃபேனைக் குறைக்கச் சொன்னார்.

முடிந்ததும் செல்வி வந்து, உன் பர்ஸைத் திறந்து, பாதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். "டெலிவரி ஆயிட்டுல்லா. இந்தாங்கண்ணே, உங்க சட்டம்" என்றாள். மடிப்பில் நைந்துபோயிருந்தது. திருப்பிப் பார்த்தேன். உன் கையெழுத்தில் எழுதியிருந்தது: "எந்த ஞாயிறு? கேட்கணும்."

போன ஞாயிறுதான் மச்சான். கிழமையை நான் தவறவிடவில்லை, வாரத்தைத்தான் தவறவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன். நீ அதற்கும் ஒரு சீட்டு கேட்பாய்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்திருக்கும். ஆணிகளில் இன்னும் ஒன்பது ஃபேனும் நாலு மிக்ஸியும் தொங்குகின்றன. வாக்குக் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் சரிசெய்து, சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே அவரவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இரண்டு பாதிச் சீட்டையும் கிழிக்காமல் வைத்திருக்கும்,
செல்விக்கு அண்ணன், பிரியாவுக்கு மாமா,
உன் மச்சான் மைதீன்